கடிதம் வரவில்லை என்று சொன்னேன்

திருவள்ளூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருந்து 2022-ல் ஓய்வு பெற்றவன் நான். மணவாள நகரில் சொந்த வீடு கட்டிக் குடியிருக்கிறேன். அந்த மனையை வாங்கிய பணம் முழுக்கச் சம்பளப் பணம் இல்லை. பள்ளி விட்டதும் மைதானத்தில் நிற்க வேண்டிய நேரத்தில் மனை புரோக்கர் வேலை பார்த்துச் சம்பாதித்ததும் அதில் இருக்கிறது. அந்தச் சம்பாத்தியத்துக்காக ஒரு பெண்பிள்ளைக்கு நான் செய்த கெடுதலைத்தான் எழுத வந்தேன். அதற்கு முன்னால் ஓ.எம். நம்பியாரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவர் பெயரை வைத்துத்தான் பல வருஷம் என் மனசாட்சியின் வாயை அடைத்து வைத்திருந்தேன்.

நம்பியார் கேரளத்தில் வடகரைக்குப் பக்கத்து மணியூர்க்காரர். விமானப் படையில் 15 வருஷம் இருந்தவர். படைக்குள் பேர் சொல்லும் தடகள வீரர். ஆனால் இந்தியாவுக்காகச் சர்வதேசப் போட்டியில் இறங்கும் வாய்ப்பு அவருக்கு அமையவே இல்லை. அந்த வருத்தத்தை வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் மீதி ஆயுசை ஓட்டியிருக்கலாம். அவர் பாட்டியாலாவுக்குப் போய்ப் பயிற்சியாளர் படிப்பு படித்தார்; கேரள விளையாட்டுக் கவுன்சிலில் சேர்ந்தார். 1976-ல் பெண்களுக்கான விளையாட்டுப் பிரிவு தொடங்கியபோது முதல் அணியில் வந்த 40 பெண்கள் அவர் பொறுப்பில் வந்தார்கள். அதில் ஒருத்தி பய்யோளி உஷா. சின்னப் பெண். அவளுடைய ஒல்லி உடம்பையும் வேக நடையையும் பார்த்ததுமே நல்ல ஓட்டக்காரியாக வருவாள் என்று தெரிந்துவிட்டதாக நம்பியார் பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

பார்த்ததும் தெரிந்துவிடுவது எங்கள் தொழிலில் அதிசயம் இல்லை. மைதானத்தில் சில வருஷம் நின்ற எவனுக்கும் அந்தக் கண் வந்துவிடும். எனக்கும் இருந்தது. தெரிந்த பிறகு மறுநாள் காலையில் போய் நிற்பது, அதற்கு அடுத்த நாளும் போய் நிற்பது, அதுதான் நம்பியார். சிந்தெடிக் டிராக் கிடையாது. பய்யோளிக் கடற்கரை மணலில் ஓட விட்டார். அலை வந்து காலை இழுக்கும் இடத்தில் ஓடிய கால்களுக்குத் தரையில் ஓடுவது லேசாகிப்போனது. 100, 200 என்று ஓடிக்கொண்டிருந்தவளை 400 மீட்டர் தடை ஓட்டத்துக்குத் திருப்பியதும் அவர்தான். 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில்தான் பெண்களுக்கு அந்தப் போட்டியை முதன்முதலாகச் சேர்த்தார்கள்.

அப்போது நான் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியில் மாணவன். நானும் 400 மீட்டர் ஹர்டில்ஸ் ஓடியவன்தான். பல்கலைக்கழக அளவைத் தாண்டவில்லை. அந்த ஓட்டம் ஓடிப் பார்த்தவனுக்குத்தான் தெரியும். பத்துத் தடை. முதல் தடை 45 மீட்டரில். அப்புறம் 35 மீட்டருக்கு ஒன்று. கடைசித் தடையைத் தாண்டிய பிறகு 40 மீட்டர். எட்டாவது தடையில் தொடை கல்லாகிவிடும். அங்கே காலடிக் கணக்கு தவறினால் எல்லாம் போச்சு. உஷா அரையிறுதியில் முதலாவதாக வந்திருந்தார். இறுதி ஓட்டத்தில் ஒருவர் முந்திப் புறப்பட்டதால் எல்லோரையும் மறுபடி கோட்டுக்கு அழைத்தார்கள். மறு ஓட்டத்தில் உஷாவுக்கு 55.42 விநாடி. ருமேனியாவின் கொஜோகாருவுக்கு 55.41. நூறில் ஒரு பங்கு விநாடியில் வெண்கலம் போனது.

எங்கள் ஹாஸ்டலில் அன்றைக்கெல்லாம் அதே பேச்சு. கடைசியில் நெஞ்சை முன்னே தள்ளியிருந்தால் கிடைத்திருக்கும், அதைச் சொல்லித்தர அந்த ஆளுக்குத் துப்பில்லையே என்று நம்பியாரைத் திட்டினோம். நானும் திட்டினேன். ஒரு பிள்ளையைக்கூட ஓட விட்டுப் பார்க்காத வயசு அது. வேலைக்கு வந்த பிறகு அந்தப் பேச்சு எனக்கு வேறு விதமாகப் பயன்பட்டது. ஆசிரியர் அறையில் யாராவது, 'என்ன சார், நம்ம பிள்ளைங்க யாரும் மேல வரலையே' என்றால், 'நம்பியார் உயிரைக் கொடுத்து உழைச்சாரு, நூறுல ஒரு பங்கு செகண்டுல போச்சு, நாம எம்மாத்திரம்' என்பேன். அந்த ஒலிம்பிக்குக்கு அடுத்த வருஷமே ஜகார்த்தா ஆசியத் தடகளப் போட்டியில் உஷா 5 தங்கம் வாங்கினார். 1986 சியோல் ஆசிய விளையாட்டில் 4 தங்கம். துரோணாச்சாரியார் விருதை 1985-ல் ஏற்படுத்தியபோது முதல் வருஷமே வாங்கியவர்களில் நம்பியாரும் ஒருவர். இதெல்லாம் எனக்குத் தெரியாமல் இல்லை. சொன்னால் யாராவது திருப்பிக் கேட்பார்கள் என்பதால் அந்தப் பாதியைச் சொல்லாமல் விட்டேன்.

2005, 2006 வாக்கில் எங்கள் பக்கம் மனை விலை தாறுமாறாக ஏறியது. ஸ்ரீபெரும்புதூரில் பெரிய கம்பெனிகள் வந்தன. மணவாள நகர் சாலையில் கம்பெனி வேன்கள் வரிசைகட்ட ஆரம்பித்தன. புட்லூர், காக்களூர் என்று லேஅவுட் போட்டு மஞ்சள் கல் நட்டார்கள். வாத்தியார் வேலை பார்ப்பவன் சொன்னால் ஜனங்கள் நம்புவார்கள் என்று ஒருவர் என்னைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டார். விற்கிறவரிடம் இரண்டு பர்சன்ட், வாங்குகிறவரிடம் இரண்டு பர்சன்ட். சாயந்திரம் பள்ளி மணி அடித்ததும் வண்டியை எடுத்துவிடுவேன். பத்தாம் வகுப்புப் பி.டி. பீரியட்களைக் கணக்கு ஆசிரியருக்கும் அறிவியல் ஆசிரியருக்கும் கொடுத்துவிடுவேன். அவர்கள் பிடுங்கிக்கொண்டதாக ஊரில் நினைத்தார்கள். நானே போய்க் கொடுத்தேன். தலைமையாசிரியர் சந்தோஷப்பட்டார், தேர்ச்சி விகிதம் கூடும் என்று. எனக்கு மத்தியானமே ஒரு மனை காட்டிவிட்டு வர நேரம் கிடைத்தது.

அந்தப் பிள்ளை அப்போது எட்டாம் வகுப்பு. பெயர் சொல்ல மாட்டேன். அப்பா காக்களூர் தொழிற்பேட்டையில் ஒப்பந்தக் கூலி. பெரும்பாலும் இரவு ஷிஃப்ட். பள்ளி விளையாட்டு விழாவில் வெறுங்காலோடு 200 மீட்டர் ஓடினாள். வளைவில் உடம்பு தானாக உள்பக்கம் சாய்ந்தது. யாரும் சொல்லிக் கொடுக்காமல் வந்த சாய்வு அது. மறுநாள் சாமான் அறையில் விடைத்தாள் கட்டுகளுக்கு அடியில் கிடந்த மரத் தடைகளை வெளியே இழுத்துப் போட்டேன். இரண்டரை அடி உயரத்தில் மூன்றை வைத்தேன். புதிதாக ஓடும் பிள்ளைகள் தடைக்குக் கிட்டே வந்ததும் குட்டிக் குட்டி அடியாக வைத்துத் தயங்குவார்கள், தடையையே பார்ப்பார்கள், தாண்டும்போது எம்பிக் குதிப்பார்கள். இவள் சுடிதார் துப்பட்டாவைக் குறுக்கே இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்தாள். தடையைப் பார்க்கவே இல்லை. வேகம் குறையாமல் இடது காலை நீட்டினாள். பின்கால் பக்கவாட்டில் மடங்கி அதுவாகவே வந்து சேர்ந்தது. மூன்றையும் கடந்து போய் நின்று, 'இன்னொரு தடவை ஓடட்டுமா சார்?' என்று கேட்டாள். கல்லூரியில் மூன்று வருஷம் முட்டி பெயர நான் கற்றது அவள் காலில் முதல் நாளே இருந்தது. எனக்குத் தெரிந்துவிட்டது. என்மேல் நான் சுமத்தும் குற்றத்தின் அடி இதுதான். தெரியாமல் விட்டவன் இல்லை நான்.

சில நாள் சாயந்திரம் நின்று ஓட விட்டேன். குறுவட்டப் போட்டியில் 400 மீட்டரில் முதலாவதாக வந்தாள். பிறகு ஒரு பெரிய லேஅவுட் விற்பனைக்கு வந்தது, நான் நிற்பது நின்றுபோனது. அவள் தனியாகவே மைதானத்தைச் சுற்றி ஓடிக்கொண்டிருப்பதாக வாட்ச்மேன் சொல்வார். அரசு விளையாட்டு விடுதியில் சேர்த்துவிட்டால் நம் பொறுப்பு முடிந்தது என்று கணக்குப் போட்டு விண்ணப்பம் அனுப்பினேன். தேர்வுக்கு அழைத்து என் பெயருக்குப் பள்ளி முகவரியில் கடிதம் வந்தது. 2007 மே மாதம். குறிப்பிட்ட நாளில் காலை ரயிலேறி அவளைச் சென்னைக்குக் கூட்டிப்போக வேண்டும். அதே நாள் நல்ல முகூர்த்தம். சார்பதிவாளர் அலுவலகத்தில் என் மூலமாக இரண்டு மனை பதிவாக வேண்டியிருந்தது. நான் அங்கே போனேன். இரண்டு பத்திரத்திலும் சாட்சிக் கையெழுத்து போட்டேன். கமிஷனை வாங்கிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு மத்தியானம் பிரியாணி சாப்பிட்டேன். அன்றைக்கு அவள் ஞாபகம் வந்ததா என்றால், வந்தது.

அவளுடைய அப்பா இரவு ஷிஃப்ட் முடித்துத் தூங்காமல் நேராக என்னைத் தேடி வந்தார். 'லெட்டர் ஏதும் வந்துச்சா வாத்தியாரே?' என்றார். 'வரலைங்க. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்' என்றேன். கடிதம் என் மேஜை இழுப்பறையில் இருந்தது. அவர் கை கூப்பிவிட்டுப் போனார். அடுத்த வருஷம் நானும் எழுதிப் போடவில்லை, அவரும் கேட்டு வரவில்லை. பெண் பெரியவளாகிவிட்டாள், மைதானம் போதும் என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள் எனக் கேள்விப்பட்டபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. பழியைப் போட ஒரு குடும்பம் கிடைத்துவிட்டதே. பிளஸ் டூ முடித்து அவள் செல்போன் கம்பெனிக்கு வேலைக்குப் போனாள். விடியற்காலையில் மணவாள நகர் கூட்டுரோட்டில் கழுத்தில் அடையாள அட்டையோடு வேனுக்கு நிற்பாள். 'குட் மார்னிங் சார்' என்பாள். நானும் தலையாட்டிவிட்டுப் போவேன்.

2021 ஆகஸ்ட் 19-ஆம் தேதி நம்பியார் காலமானார். 89 வயது. பார்க்கின்சன் நோயோடு பல வருஷம் கிடந்தவர். அந்த ஜனவரியில்தான் பத்மஸ்ரீ அறிவித்திருந்தார்கள். கொரோனாவால் பிள்ளைகள் வராத பள்ளியில் நாங்கள் கையெழுத்துப் போட உட்கார்ந்திருந்தோம். செய்தியைப் பார்த்த இளம் ஆசிரியர் ஒருவர், 'யார் சார் இவர், உங்க லைன் ஆளாமே?' என்று கேட்டார். எப்போதும் சொல்வதைச் சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. எங்கள் லைன் ஆள் என்று சொல்லிக்கொள்ள எனக்கு என்ன பாத்தியதை? அவரும் ஓடியவர், நானும் ஓடியவன். அவருக்கும் பெரிய மேடை கிடைக்கவில்லை, எனக்கும் கிடைக்கவில்லை. அவர் தனக்குக் கிடைக்காததை ஒரு பிள்ளைக்குக் கிடைக்க வைத்தார். நான் ஒரு பிள்ளைக்குக் கிடைக்க இருந்ததை இழுப்பறையில் போட்டுப் பூட்டினேன். வசதி இல்லை, டிராக் இல்லை, அரசாங்கம் கவனிக்கவில்லை என்று காலமெல்லாம் பேசியிருக்கிறேன். அந்தக் குறைகள் உண்மைதான். ஆனால் அவளைத் தடுத்தது அவை எதுவும் இல்லை. அரசாங்கம் அழைத்துக் கடிதம் போட்டது. நான்தான் கொடுக்கவில்லை.

அவளிடம் சொல்லும் தைரியம் ஓய்வு பெற்ற பிறகுதான் வந்தது. அவள் இப்போதும் மணவாள நகர்தான். கல்யாணமாகி ஒரு மகள் இருக்கிறாள். பழைய கம்பெனி மூடிவிட்டது. வேறொரு கம்பெனியில் வேலை. ரேஷன் கடைக்குப் பக்கத்தில் பார்த்து நிறுத்தினேன். பத்திரப் பதிவு, கமிஷன், பொய் எதையும் விடாமல் சொன்னேன். அழுவாள் என்றோ திட்டுவாள் என்றோ நினைத்திருந்தேன். பையைக் கீழே வைத்தாள்.

"அப்ப லெட்டர் வந்துச்சா சார்?"

"வந்துச்சும்மா."

"அப்பா போஸ்ட்மேனைத்தான் சந்தேகப்பட்டாரு. எங்கியோ தொலைச்சிட்டாருன்னு சாகற வரைக்கும் சொல்லுவாரு. அவர்கிட்ட அதுக்கப்புறம் பேசவே மாட்டாரு."

மன்னிப்புக் கேட்டேன். அவள் பதில் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய கட்டாயமும் அவளுக்கு இல்லை. இதை எழுதலாமா என்று கேட்டதற்குத்தான் கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"எழுதுங்க சார். பேரு மட்டும் வேணாம். நான் ஓடினேன்னு எங்க வீட்ல யாருக்கும் தெரியாது."