எஞ்சினின் கைமிச்சம்

தொழிற்சாலையை விட்டு வெளியே வரும் டர்போ எஞ்சின் எதுவும் தன் முழுப் பலத்தோடு வருவதில்லை. மட்டமான பெற்றோல், நாற்பது பாகை வெயில், ஒயில் மாற்ற மறக்கும் சொந்தக்காரர், மலையேற்றத்தில் பின்னால் கட்டியிழுக்கும் டிரெய்லர் எல்லாம் ஒரே நாளில் ஒரே காருக்கு வாய்த்தாலும் பிஸ்டன் உடையக் கூடாது என்று கணக்குப் பார்த்து, பொறியியலாளர்கள் கொஞ்சத்தைப் பிடித்து வைக்கிறார்கள். சம்பளத்தில் கைமிச்சம் பிடிப்பது போலத்தான். கனடாவில் கார்ப் பிரியர்கள் ‘ட்யூன்’ என்று சுருக்கிச் சொல்லும் வேலை, அந்தக் கைமிச்சத்தை எடுத்துச் செலவழிப்பது. முதற்கட்ட ட்யூனில் காருக்குள் புதிதாக ஒரு பாகமும் பூட்டப்படுவதில்லை. எஞ்சினை ஆளும் சிறு கணினியான இ.சி.யூ.வில் உள்ள எண்கள் மாற்றி எழுதப்படுகின்றன, அவ்வளவுதான்.

ஒன்ராறியோ மாகாணத்தில் ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் தமிழ் வீடுகளின் டிரைவ்வேயில் நிற்கும் கார்களைப் பார்த்தாலே இரண்டு தலைமுறை தெரியும். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் இலங்கையிலிருந்து வந்து சேர்ந்தவர்கள் கொரோலாவும் கேம்றியும் வாங்கினார்கள். மைனஸ் இருபதில் இரண்டு பஸ் மாறி இரவு வேலைக்குப் போய் வந்தவர்களுக்கு, சாவியைத் திருப்பியதும் ஸ்டார்ட் ஆவதுதான் ஒரு காரின் அழகு. அந்த கொரோலாவுக்குப் பக்கத்தில் பிள்ளைகள் கொண்டுவந்து நிறுத்துவது வேறு வகைக் கார். 2015-ஆம் ஆண்டு மாடலாகக் கனடாவுக்கு வந்த ஏழாம் தலைமுறை வொல்க்ஸ்வேகன் கோல்ஃப் ஜி.டி.ஐ. அந்த வகைக்கு நல்ல உதாரணம். இரண்டு லீற்றர் டர்போ எஞ்சின், 210 குதிரைவலு, 350 நியூட்டன் மீற்றர் முறுக்குவிசை. முதன்முறை ட்யூன் செய்கிறவர்கள் பலர் தொடங்குவது இந்தக் காரில்தான். கைமிச்சம் அதிகம் உள்ள எஞ்சின் அது. சந்தையில் கிடைக்கும் முதற்கட்டக் கோப்புகள் அதை 300 குதிரைவலுவை ஒட்டிக் கொண்டுபோவதாகச் சொல்கின்றன.

எண்பதுகளில் இந்த வேலைக்கு இ.சி.யூ.வைக் கழற்றி, உள்ளே இருக்கும் நினைவகச் சிப்பை உருவி, வேறு எண்கள் எழுதிய சிப்பைச் செருகினார்கள். ‘சிப் போடுறது’ என்ற பேச்சு வழக்கு அங்கிருந்து வந்தது. சிப் போய்விட்டது, பேச்சு மட்டும் நிலைத்துவிட்டது. இன்று எல்லாம் ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் பதினாறு முள் ஓ.பி.டி. சொருகி வழியாக நடக்கிறது. அமெரிக்காவில் 1996-இலும் கனடாவில் 1998-இலும் கட்டாயமாக்கப்பட்ட அந்தச் சொருகியின் நோக்கம் புகைக் கட்டுப்பாட்டைக் கண்காணிப்பது. அதே வாசல் வழியாக எஞ்சினின் பலத்தைக் கூட்டுகிறார்கள்.

மாற்றப்படும் எண்கள் எவை என்று அறிய, காலடியில் இருக்கும் பெடலிலிருந்து தொடங்க வேண்டும். இக்காலக் காரில் பெடல் நேராக எதையும் திறப்பதில்லை. ஓட்டுநர் அழுத்துவது ஒரு கோரிக்கை மட்டுமே: இவ்வளவு முறுக்குவிசை வேண்டும் என்று. இ.சி.யூ. அந்தக் கோரிக்கையைக் காற்றின் அளவாக மாற்றி, அந்தக் காற்றைப் பெற டர்போ எவ்வளவு அழுத்தம் தர வேண்டும், எவ்வளவு பெற்றோல் பீச்ச வேண்டும், ஸ்பார்க் பிளக் எந்தக் கணத்தில் பொறிவிட வேண்டும் என்று அட்டவணைகளைப் பார்த்து முடிவு செய்கிறது. பெற்றோல் முழுதாக எரிய ஒரு பங்குக்கு 14.7 பங்கு எடையளவு காற்று வேண்டும். முழு வேகத்தில் எரியறையைக் குளிர்விக்க பெற்றோல் கொஞ்சம் கூடுதலாகவே போகும். இந்த அட்டவணைகளுக்கு மேல் காவலாக முறுக்குவிசை வரம்புகள் பல உட்கார்ந்திருக்கும். ட்யூன் எழுதுகிறவர் வரம்புகளை உயர்த்துகிறார், டர்போ அழுத்தத்தைக் கூட்டுகிறார், பொறி விழும் நேரத்தைச் சற்று முன்னே தள்ளுகிறார். அவருடைய திறமை முழுவதும் எங்கே நிறுத்துவது என்பதில் இருக்கிறது.

நிறுத்தும் இடத்தைத் தீர்மானிப்பது பெற்றோல். இலங்கையிலிருந்து வந்தவர்கள் தடுக்கி விழும் இடமும் இதுதான். ஊரில் பெற்றோல் பொதுவாக 92, 95 என்று இருக்கும். ஒன்ராறியோவின் பம்பிலோ 87 என்று எழுதியிருக்கும், விலை கூடியதில் 91. பணக்கார நாட்டில் ஊரை விட மட்டமான பெற்றோலா என்ற கேள்வி வந்து சேர்ந்த முதல் மாதத்தில் பலருக்கும் எழுவதுண்டு. மட்டமில்லை, அளவுகோல் வேறு. ஒக்டேன் எண்ணை அளக்க இரண்டு சோதனைகள் உண்டு. ஒன்று மென்மையானது, எஞ்சினை நிமிடத்துக்கு 600 சுற்றில் ஓட்டுவது; மற்றது கடுமையானது, 900 சுற்றில், உள்ளே போகும் கலவையைச் சூடாக்கி ஓட்டுவது. இலங்கையும் ஐரோப்பாவும் முதலாவதன் எண்ணை மட்டும் பம்பில் எழுதுகின்றன. வட அமெரிக்கா இரண்டையும் கூட்டிப் பாதியாக்கி எழுதுகிறது. ஆகவே ஒன்ராறியோவின் 87 ஏறத்தாழ ஊரின் 92-க்குச் சமம். 91 ஏறத்தாழ 95-க்கு.

அந்த எண் அளப்பது நாக்கிங்கைத் தாங்கும் சக்தியை. பொறி விழுந்து தீ பரவிக்கொண்டிருக்கும்போதே மூலையில் மிஞ்சியிருக்கும் கலவை அழுத்தமும் சூடும் தாளாமல் தானாக வெடித்தால் அது நாக்கிங். உள்ளே சின்னச் சுத்தியலால் தட்டுவது போன்ற சத்தம் கேட்கும். நீடித்தால் பிஸ்டன் போய்விடும். எஞ்சின் கட்டையில் பூட்டியிருக்கும் உணரி அந்த அதிர்வைக் கேட்டதும் இ.சி.யூ. அந்தந்த சிலிண்டரின் பொறியைப் பின்தள்ளிக் காப்பாற்றும். டர்போ அழுத்தம் கூடக் கூட நாக்கிங்கின் வாய்ப்பும் கூடும். எனவே ட்யூன் கோப்பு ஒவ்வொன்றும் குறிப்பிட்ட ஒக்டேனுக்கென்று எழுதப்படுகிறது. அமெரிக்க நிறுவனங்கள் விற்பவற்றில் 91, 93 என்று இரண்டு கோப்புகள் இருப்பது வழக்கம். 93-இல் குதிரைவலு கூட என்று விளம்பரப் படம் காட்டும். ஒன்ராறியோவில் எளிதாகக் கிடைப்பது 91. சில நிலையங்களில் மட்டும் 94. நெடுந்தூரம் ஓடுகிறவர் 94-ஐ நம்பி 93-க்கான கோப்பை ஏற்றினால், சட்பரிக்குப் போகும் வழியில் கிடைத்ததை ஊற்றி எஞ்சினின் உணரியிடம் உயிரை ஒப்படைக்க வேண்டிவரும். முதன்முறை செய்கிறவருக்கு 91 போதும்.

கோப்பை ஏற்றுமுன் கார் நலமாக இருக்க வேண்டும். ட்யூன் எந்தக் கோளாறையும் குணப்படுத்தாது, பெரிதாக்கும். பிழைக்குறிகள் உண்டா என்று வாசித்துப் பார்ப்பது, ஒயில், ஸ்பார்க் பிளக், இக்னிஷன் கொயில், டர்போ குழாய்களில் காற்றுக்கசிவு என்று வரிசையாகத் தேடுவது ஒரு சனிக்கிழமை வேலை. கூடிய அழுத்தத்தில் பொறி அணைந்துபோகாமல் இருக்க பிளக்கின் இடைவெளியைச் சற்றுக் குறைப்பார்கள். ஜி.டி.ஐ. எஞ்சினின் வட அமெரிக்க வடிவத்தில் பெற்றோல் நேரே எரியறைக்குள் பீச்சப்படுவதால் உள்ளிழுக்கும் வால்வுகளைக் கழுவ எதுவும் இல்லை; ஓட்டம் ஏறிய கார்களில் கரி படிந்திருக்கும். அதையும் பார்க்க வேண்டும்.

ஏற்றும் வேலை டிரைவ்வேயிலேயே நடக்கும். லாப்டொப்பை முன்னிருக்கையில் வைத்து, ஓ.பி.டி. சொருகியில் கேபிளைப் பூட்டி, முதலில் பழைய கோப்பைப் பாதுகாத்து வைக்கிறார்கள். பிறகு பற்றரிக்குச் சார்ஜர். இதைத் தவிர்க்கிறவர்கள் உண்டு. தவிர்க்கக் கூடாதது இது. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்னழுத்தம் சரிந்தால் இ.சி.யூ. பாதி பழையதும் பாதி புதியதுமாக நின்றுவிடும், அதற்குப் பிறகு காரை டிரக்கில்தான் ஏற்ற வேண்டும். எழுதத் தொடங்கியதும் டாஷ்போர்டில் உள்ள எச்சரிக்கை விளக்குகள் அத்தனையும் ஒன்றாக எரியும், நல்லூர்த் தேர் போல. முன்னால் ரேடியேட்டர் விசிறி காரணமில்லாமல் முழு வேகத்தில் சுற்றத் தொடங்கும். திரையில் நீலப் பட்டை 38 சதவீதத்தில் நின்று யோசிக்கும். இந்த நேரம் பார்த்து வீட்டுக் கதவு திறக்கும்.

“என்ன தம்பி, காருக்கு என்ன நடந்தது?”

“ஒண்டுமில்லை அப்பா. சொஃப்ட்வெயார் மாத்திறன்.”

“உதுக்கு வாறண்டி இருக்கெல்லோ? பிறகு அவங்கள் தருவாங்களே?”

கொரோலாத் தலைமுறையின் கேள்வி சரியான கேள்வி. கார் டீலரிடம் போகும்போது உற்பத்தியாளரின் கண்டறி கணினி, இ.சி.யூ.வில் இருக்கும் மென்பொருள் தன் பதிவோடு ஒத்துப்போகவில்லை என்று கண்டால், அந்தக் காரின் பெயரில் டி.டி.1 என்ற குறி விழும். அதன்பின் எஞ்சின், டர்போ, கியர்பெட்டி தொடர்பான வாறண்டியைக் கேட்டால் வழக்காடித்தான் பெற வேண்டியிருக்கும். பழைய கோப்பைத் திரும்ப ஏற்றிக்கொண்டு போனாலும், எத்தனை தடவை எழுதப்பட்டது என்ற எண்ணிக்கை உள்ளே நிற்கும்.

ஏற்றி முடித்ததும் ஓட்டிப் பார்க்கும் ஆசை வரும். அதை ஒழுங்காகச் செய்வதற்குப் பெயர் லொக் எடுத்தல்: முழு பெடல் அழுத்தத்தில் எஞ்சின் சுற்று, டர்போ அழுத்தம், உள்ளே வரும் காற்றின் சூடு, எரிபொருள் விகிதம், ஒவ்வொரு சிலிண்டரிலும் பொறி எத்தனை பாகை பின்தள்ளப்பட்டது என்பவற்றைப் பதிந்து எழுதியவருக்கு அனுப்புவது. ஒரு சிலிண்டரில் எப்போதாவது ஓரிரு பாகை என்றால் கவலையில்லை. நான்கிலும் விடாமல் ஐந்தாறு பாகை என்றால் பெற்றோலோ கோப்போ சரியில்லை. இந்தப் பதிவுக்கு மூன்றாம் கியரில் 2,500-இலிருந்து 6,000 சுற்று வரை இழுக்கச் சொல்வது வழக்கம். மூன்றாம் கியரில் 6,000 என்றால் வேகம் 130-ஐத் தாண்டிவிடும். ஒன்ராறியோச் சட்டத்தில் 80 எல்லையுள்ள சாலையில் அது ‘ஸ்டண்ட் டிரைவிங்’. 2021 யூலையிலிருந்து அதற்குப் பொலிஸ் சாலையோரத்திலேயே அனுமதிப்பத்திரத்தை 30 நாள் நிறுத்தி, காரை இழுத்துச் சென்று 14 நாள் வைத்துக்கொள்ளும். ஆகவே பெருஞ்சாலையில் ஏறும் சரிவுப் பாதையில் இரண்டாம் கியரோடு நிறுத்திக்கொள்கிறவர்கள் உண்டு. அது ஏறத்தாழ 100-இல் முடிந்துவிடும். காரின் வலுவை அளக்கும் டைனோ உருளைகளின் மேல் காரைக் கட்டி ஓட்டுவது இன்னும் நல்லது. உருளை காட்டும் எண் சில்லில் அளந்தது, விளம்பர எண்ணை விடக் குறைவாகத்தான் இருக்கும். இதைப் பார்த்து ஏமாற்றப்பட்டதாக நினைத்துத் தொலைபேசியில் கத்துகிறவர்களும் இருக்கிறார்கள்.

காப்புறுதி அடுத்த கணக்கு. ஒன்ராறியோவில் காப்புறுதியில்லாமல் கார் தெருவில் இறங்க முடியாது, ஆபத்தின் அளவை மாற்றும் எதையும் நிறுவனத்துக்கு உடனே தெரிவிக்க வேண்டும் என்பது ஒப்பந்தத்தின் சட்டபூர்வ நிபந்தனை. சொன்னால் கட்டணம் ஏறலாம். சொல்லாமல் விட்டால் விபத்து நடந்த பிறகு இழப்பீட்டை மறுக்கும் கடிதம் வரலாம். பலர் சொல்வதில்லை. அது எஞ்சினில் அல்ல, குடும்பத்தின் கைமிச்சத்தில் கைவைப்பது.

புகைச் சட்டம் எளிது. மாகாணத்தின் ‘டிரைவ் கிளீன்’ சோதனை பயணிகள் கார்களுக்கு 2019 ஏப்ரலோடு முடிந்தது, ஆனால் கற்றலிற்றிக் கொன்வேர்ட்டரைக் கழற்றுவது இப்போதும் குற்றம். இரண்டாம் கட்ட ட்யூன் என்று அதைக் கழற்றிவிட்டு வேறு குழாய் பூட்டச் சொல்பவரிடமிருந்து விலகுவதே நல்லது. இந்த விஷயத்தில் உற்பத்தியாளரின் கையும் சுத்தமில்லை. சோதனையின்போது மட்டும் புகையைக் குறைக்கும் மென்பொருளை டீசல் கார்களில் வைத்திருந்தது 2015-இல் பிடிபட்டு, உலகெங்கும் 1.1 கோடி கார்கள் சம்பந்தப்பட்ட அந்த மோசடிக்காக வொல்க்ஸ்வேகன் 2020-இல் கனடாவில் மட்டும் 19.65 கோடி டொலர் அபராதம் கட்டியது.

அதன் பிறகு வருவது அன்றாடம். கைக்கியர் காரில் முதலில் தோற்பது கிளச். நான்காம் கியரில் 3,000 சுற்றில் அழுத்தும்போது வேகம் ஏறாமல் முள் மட்டும் குதித்தால் அது வழுக்கத் தொடங்கிவிட்டது. மாற்றும் செலவு ட்யூனின் விலையைத் தாண்டும். குளிர்காலத்தில் அடர்ந்த குளிர்காற்று டர்போவுக்குப் பிடிக்கும், முன்சில்லுகளுக்கு அல்ல; பனிக்கால ரயர் இருந்தும் சிக்னலில் புறப்படும்போது வழுக்கல் விளக்கு மின்னிக்கொண்டே இருக்கும். ஒயிலை 15,000 கிலோமீற்றரில் மாற்றச் சொல்லும் கையேட்டை மறந்து 8,000-இல் மாற்றுகிறார்கள். கொரோலா பழுதான ஒரு நாள் அப்பா இந்தக் காரை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போய், திரும்பும் வழியில் மகனுக்கு உதவியாக ராங்கை நிரப்பிக்கொண்டு வருவார், மலிவான 87-இல். அந்த ராங்க் தீரும் வரை பெடலை மெதுவாக மிதிப்பதைத் தவிர வேறு வழியில்லை. அடுத்த நாள் பெற்றோல் மூடியின் உட்புறத்தில் வெள்ளை ரேப் ஒன்று ஒட்டப்பட்டிருக்கும், தடித்த மையில் 91 என்று எழுதி.

விற்கும்போது பழைய கோப்பைத் திரும்ப ஏற்றி, வாங்குகிறவரிடம் நடந்ததைச் சொல்லி, எடுத்த லொக்குகளையும் ஒயில் மாற்றிய ரசீதுகளையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். கிளச் மாற்றிய ரசீது இருந்தால் விலையில் கொஞ்சம் கூடக் கேட்கலாம்.