இரண்டு நொடி ஓசை

பெட்ரோல் காரின் எரிபொருள் பம்பு ஓடாமல் நின்றுவிட்டால், பழுது பம்பிற்குள்தான் இருக்கிறது என்று வண்டிக்காரர்கள் எண்ணுவது வழக்கம். ஆனால், பழைய வாகன உதிரிபாகங்களுக்குப் பெயர்பெற்ற சென்னைப் புதுப்பேட்டையை ஒட்டிய பட்டறைகளில், பேச்சுவழக்கில் ‘வயரிங்காரர்’ எனப்படும் வாகன மின்பணியாளர்களுள் தேர்ந்தவர்கள் பம்பைக் கடைசியில்தான் சந்தேகிக்கின்றனர். அவர்களுடைய தொழில்திறன், எதை முதலில் சோதிப்பது, எதைப் பின்னுக்குத் தள்ளுவது என்னும் வரிசையில் அடங்கியிருக்கிறது.

இவ்வேலை மின்பணியாளரிடம் வந்து சேர்ந்தது அண்மைக் காலத்தில்தான். பிரீமியர் பத்மினி போன்ற கார்களில் எஞ்சினின் கேம்ஷாஃப்ட் தள்ளித்தள்ளி இயக்கும் டயாபிரம் பம்பு இருந்ததால், அதைக் கழற்றிப் பூட்டுவது மெக்கானிக்கின் வேலையாகவே இருந்தது. 2000ஆம் ஆண்டு ஏப்ரலில் புதிய மாசுக்கட்டுப்பாட்டு விதிகள் நாடெங்கும் நடைமுறைக்கு வந்ததையொட்டி கார்புரேட்டர் மறைந்து, எரிபொருளை அழுத்தத்துடன் பீச்சும் முறை பரவியபோது, ஏறத்தாழ 3 பார் அழுத்தம் தரக்கூடிய மின்பம்பு பெட்ரோல் டாங்கிற்குள்ளேயே இடம்பெற்றது.

சாவியைத் திருப்பியதும் எஞ்சின் கட்டுப்பாட்டுக் கணினி இப்பம்பை ஏறத்தாழ இரண்டு நொடிகள் மட்டும் ஓடவிட்டு, எஞ்சின் சுழலும் அறிகுறி கிடைக்காவிட்டால் நிறுத்திவிடும். பார்வையிடப்பட்ட பட்டறை ஒன்றில் மூத்த பணியாளர், “தம்பி, சாவியைப் போடு” என்று உதவிக்கு நின்ற சிறுவனிடம் சொல்லிவிட்டு, பெட்ரோல் ஊற்றும் வாயருகே காதை வைத்து, தெருவின் இரைச்சலுக்கு நடுவே அந்த இரண்டு நொடி ஓசையைத் தேடினார். ஓசை கேட்டால் பம்பிற்கு மின்சாரம் வருகிறது என்று கொண்டு, அடைப்பையும் அழுத்தத்தையும் பார்க்க வேண்டும். கேட்காவிட்டால் மின்வழியைத் தேட வேண்டும். அதற்கு முன், திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசரின் விளக்கு விடாமல் மின்னுகிறதா என்றும், மோதலின்போது பெட்ரோலை நிறுத்தும் அதிர்வு ஸ்விட்ச் உள்ள வண்டியானால் அது விடுபட்டிருக்கிறதா என்றும் பார்த்துவிடுகின்றனர். ஃபோர்ட் நிறுவனத்தின் பல கார்களில் அமைந்த இந்த ஸ்விட்ச், காந்தம் பிடித்திருக்கும் எஃகுக் குண்டு அதிர்ச்சியில் விலகுவதால் இணைப்பைத் துண்டிப்பது. பள்ளத்தில் வண்டி பலமாக விழுந்தாலும் இது நேரலாம், பொத்தானை அழுத்தினால் சரியாகிவிடும்.

அடுத்தது ஃபியூசும் ரிலேயும். ரிலே என்பது சிறு மின்னோட்டத்தைக் கொண்டு பெரு மின்னோட்டத்தைத் திறந்து மூடும் காந்த ஸ்விட்ச் ஆகும். அதன் கால்களில் 85, 86 காந்தச் சுருளுக்கும், 30 பேட்டரியிலிருந்து வரும் மின்சாரத்திற்கும், 87 பம்பிற்குப் போகும் மின்சாரத்திற்கும் உரியவை. ‘டிக்’ என்னும் ஒலி கேட்பதாலேயே ரிலே நல்லது என்று முடிவுகட்டக் கூடாது. உள்ளிருக்கும் தொடுமுனை கருகியிருந்தாலும் ஒலி வரும். ரிலேயைக் கழற்றிவிட்டு 30, 87 இரண்டையும் ஃபியூஸ் வைத்த வயரால் இணைத்ததும் பம்பு ஓடினால், பம்பும் அதற்குச் செல்லும் வயரும் குற்றமற்றவை என்று ஒரே அடியில் தெரிந்துவிடுகிறது.

ஓடாவிட்டால் வருவதே இத்தொழிலின் நுட்பமான பகுதி. இளைஞர்கள், தாங்கள் கையில் எடுக்கும் மல்டிமீட்டர் பம்பிலிருந்து கழற்றிய கப்ளரில், அதாவது வயர் இணைப்பியில், 12 வோல்ட் காட்டுவதைக் கண்டு, மின்சாரம் சரியாக வருகிறது, பம்புதான் போய்விட்டது என்று தீர்மானித்துவிடுகின்றனர். மீட்டரின் உள்தடை ஏறத்தாழ ஒரு கோடி ஓம் ஆகையால் அது இழுக்கும் மின்னோட்டம் இல்லையென்றே சொல்லலாம். பல இழைகள் அறுந்து ஒரே இழையில் தொங்கும் வயரும் அதற்கு முழு வோல்ட்டையே காட்டும். பல ஆம்பியர் இழுக்கும் பம்பு அதே வயரில் ஓடாது. ஆகவே மூத்தவர்கள் 21 வாட் பல்பில் இரண்டு வயர்களைப் பற்றவைத்த ‘டெஸ்ட் லைட்’டைக் கைவிடவில்லை, அது ஒன்றே முக்கால் ஆம்பியர் இழுப்பதால் வயரின் உண்மையான வலிமை வெளிப்படுகிறது. ஒரு முனையைக் கப்ளரின் மின்வரவிலும் மறுமுனையைக் காரின் உடலிலும் வைத்தால் பளிச்சென எரியும் பல்பு, கப்ளரின் இரு முனைகளுக்கிடையே வைக்கும்போது மங்கினால், பழுது ‘எர்த்’தில், அதாவது மின்சாரம் காரின் உடல்வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பில் உள்ளது. உப்புக் காற்று வீசும் சென்னையில், மழைநீரில் நின்ற வண்டிகளில், இது அரிதன்று. எளிய கருவியைப் பழமை என்று ஒதுக்குவோர் பல்பு மங்கும் இக்காட்சியை ஒருமுறையேனும் காண வேண்டும்.

இத்தனையும் தேறிய பிறகே பம்பின்மீது கை வைக்கின்றனர். டாங்கின் அடியை ரப்பர்ச் சுத்தியால் தட்டும்போது பம்பு சற்று ஓடினால், மோட்டாரின் கார்பன் பிரஷ்கள் தேய்ந்துள்ளன என்பது அவர்களின் கணிப்பு. பெட்ரோலே பம்பைக் குளிர்விப்பதால், எப்போதும் ரிசர்விலேயே ஓட்டுவோரின் பம்பு சூடேறி விரைவில் கெடக்கூடும். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை ஈர்ப்பதால், நெடுநாள் நிறுத்திய வண்டிகளில் துருவும் சேர்கிறது. பல சிறு கார்களில் பின் இருக்கையை உயர்த்தியதும் பம்பின் மூடி தென்படும். சிலவற்றில் டாங்கையே இறக்க வேண்டும். மூடியைத் திறக்குமுன் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிடுவதும், பல்புச் சோதனையைத் திறந்த டாங்கின் அருகே செய்யாமலிருப்பதும், எஞ்சியுள்ள அழுத்தத்தில் பெட்ரோல் பீச்சாதபடி குழாயைத் துணியால் பொத்திக் கழற்றுவதும் கண்டிப்பாகக் கடைப்பிடிக்க வேண்டியவை. ஒதுங்கிய சந்துகளில் நடக்கும் இவ்வேலையில் ஒரு பொறி போதும்.

கூலியில்தான் நெருடல் இருக்கிறது. புதிய பம்பு மாற்றினால் வண்டிக்காரர் பழையதைக் கையில் வாங்கிப் பார்த்து மனம் ஒப்பிப் பணம் தருகிறார்; ஒரு மணி நேரம் தேடித் துருப்பிடித்த எர்த் போல்ட்டைக் கண்டுபிடித்தால், ஒரு போல்ட்டை முறுக்கியதற்கா இவ்வளவு என்று பேரம் பேசுகிறார். அந்தப் பட்டறையில் அன்று நடந்ததும் இதுவே. மூத்தவர் போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, கிரீஸ் தடவி முறுக்கிய பின், சிறுவன் சாவியைத் திருப்ப, பின் இருக்கையடியில் இரண்டு நொடி ஓசை எழுந்தது. பேரம் அதற்குப் பிறகுதான் தொடங்கியது.