குடை நிழலில் ஒரு புள்ளி வெளிச்சம்

போன வாரம் மூன்று நாளாக, ராத்திரியானால் ஹால் விளக்கை அணைத்துவிட்டு நான் என்ன செய்கிறேன் என்று வீட்டில் ஒரே விசாரணை. அதற்கான பதில் இது. இதில் ஒரு பழைய கடனும் இருக்கிறது.

தொண்ணூறுகளின் நடுவில், பிளஸ் டூ வகுப்பு. குறுக்கீட்டு விளைவை முடித்து விளிம்பு விளைவுக்கு வந்திருந்தேன். வழக்கமான உதாரணம்தான். சுவருக்குப் பின்னால் நின்று ஒருவர் கூப்பிட்டால் குரல் கேட்கிறது, ஆள் தெரிவதில்லை. பேச்சொலியின் அலைநீளம் மீட்டர் கணக்கில் இருப்பதால் சுவர் ஓரத்தில் தாராளமாக வளைந்து வருகிறது. ஒளியின் அலைநீளம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை, அதனால் அது வளைவது லேசில் கண்ணில் படாது. அப்போது மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். அதிகம் பேசாத பிள்ளை.

"சார், வட்டமான ஒரு காசோட நிழல்ல, நடுப்புள்ளிக்கு விளிம்பு எல்லாப் பக்கமும் ஒரே தூரம்தானே? அப்போ விளிம்புல வளைஞ்சு வர்ற அலை எல்லாம் அங்க ஒரே கட்டத்துல சேருமே. நிழலுக்கு நடுவுல வெளிச்சம் இருக்கணுமே சார்?"

நான் கேட்டேன்: "ஏம்மா, குடைக்கு நடுவுல நின்னா வெயில் அடிக்குமா?" வகுப்பே சிரித்தது. அவள் உட்கார்ந்துவிட்டாள். அந்த வருடம் அவள் இன்னொரு கேள்வி கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

அவள் சொன்னதுதான் சரி.

1818இல் பிரெஞ்சு அறிவியல் கழகம் நடத்திய போட்டிக்கு, சாலை போடும் இன்ஜினியரான ஃபிரெனெல், ஒளி அலைதான் என்று ஒரு கட்டுரை அனுப்பினார். நடுவர்களில் ஒருவர் பெரிய கணித மேதை புவாஸோன். ஒளி துகள் என்று நம்பியவர். ஃபிரெனெலின் கணக்கை நீட்டிப் பார்த்து, "இதன்படி வட்டத் தட்டின் நிழல் மையத்தில் வெளிச்சம் இருக்க வேண்டும், அபத்தம்" என்று மடக்கினார். அதாவது நான் அடித்த குடை ஜோக்தான், கொஞ்சம் கௌரவமாக. இன்னொரு நடுவரான அராகோ வாதத்தோடு நிற்கவில்லை. 2 மி.மீ. உலோகத் தட்டு ஒன்றை மெழுகால் கண்ணாடியில் ஒட்டிப் பார்த்தார். புள்ளி இருந்தது. 1819இல் பரிசு ஃபிரெனெலுக்கு. வேடிக்கை என்னவென்றால், மரால்டி என்பவர் 1723லேயே இதைப் பார்த்திருக்கிறார், யாரும் கண்டுகொள்ளவில்லை.

இந்தக் கணக்கை பி.எஸ்சி.யில் எழுதி மார்க் வாங்கியவன் நான். அவள் வாயிலிருந்து வந்தபோது அடையாளம் தெரியவில்லை. சில வாரம் கழித்து பழைய நோட்டைப் புரட்டும்போது தெரிந்தது. மறுநாளே வகுப்பில் சொல்லியிருக்கலாம். பாடம் தாண்டிப் போய்விட்டது, ரிவிஷன் நேரம் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மையான காரணம் வறட்டு கௌரவம்.

இனி ராத்திரி விஷயம். சைக்கிள் கடையில் ஒரு பால்ரஸ் குண்டு கேட்டேன், காசு வாங்கவில்லை. சுமார் 5 மி.மீ. அதைக் கண்ணாடித் துண்டில், பசை வெளியே பிதுங்காமல் ஒட்டினேன். இரண்டு நாள் இதில்தான் கெட்டது. பேரனின் சிவப்பு லேசரை ஒரு குட்டி லென்ஸால் விரித்து, ஒரு மீட்டர் தள்ளிக் குண்டு, அதிலிருந்து நாலு மீட்டர் தள்ளிச் சுவர். நெல்லிக்காய் அளவு நிழல். அதன் நட்டநடுவில், கடுகில் பாதி அளவில், சிவப்பாக ஒரு புள்ளி. (செய்து பார்ப்பவர்கள் லேசரை நேராகக் கண்ணால் பார்க்காதீர்கள்.)

குடைக்கு நடுவில் ஏன் அடிப்பதில்லை? சூரியன் ஒரு புள்ளி இல்லை, அகலமானது. அதன் ஒவ்வொரு பகுதியும் தனித்தனி இடத்தில் புள்ளி போட்டு, எல்லாம் கலந்து கரைந்துவிடும். விளிம்பும் வழவழப்பான துல்லிய வட்டமாக இருக்க வேண்டும். காசின் விளிம்பே அதற்குப் போதாது, குடை எங்கே! அன்றைக்கு அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதில் இது.

பேரைப் போட்டு அவளைச் சங்கடப்படுத்த மாட்டேன். அந்த பேட்ச்காரர்களுக்கு யாரென்று தெரியும். தொடர்பில் இருப்பவர்கள் இதை அவளுக்கு அனுப்புங்கள். நீ சொன்னது சரிம்மா, சார் தப்பு என்று நான் எழுதியிருப்பதாகச் சொல்லுங்கள். பேரன் எடுத்த போட்டோ கீழே இருக்கிறது. புள்ளி தெரியாவிட்டால் பெரிதாக்கிப் பாருங்கள்.