லாரியில் வந்த கார்

கார் வாங்கியவன் அதை ஓட்டிக்கொண்டு வருவதுதான் உலக வழக்கம். என் கார் கோயம்புத்தூரிலிருந்து லாரியில் வந்தது. காலியாகத் திரும்பிய லாரி, நாலு பக்கமும் கயிறு கட்டி, கோயில் யானையை ஏற்றுவது மாதிரி ஏற்றி அனுப்பியிருந்தார்கள். இறக்கும்போது தெருவே கூடிவிட்டது. எதிர்வீட்டு அண்ணாச்சி வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டு, "ஏன்வே, ஓடுத காரா பாத்து வாங்கக்கூடாதா?" என்றார்.

"ஓடும் அண்ணாச்சி. கோயம்புத்தூர்லேருந்து ஓடி வராது. அவ்வளவுதான்."

விஷயம் இதுதான். அது பேட்டரி கார். 2014 மாடல் மஹிந்திரா இ2ஓ. இரண்டு கதவு, கியர் கிடையாது, கிளட்ச் கிடையாது. இதன் தாத்தா ரேவா, 2001-ல் பெங்களூரில் சேத்தன் மைனி கொண்டுவந்த கார். அதே ரேவா ஜி-விஸ் என்று பெயரை மாற்றிக்கொண்டு லண்டனில் ஓடியது. நகருக்குள் நுழைய மற்ற கார்கள் தண்டம் கட்ட, இது கட்டாமல் போனதால் வெள்ளைக்காரர்களும் வாங்கினார்கள். 2010-ல் ரேவா கம்பெனியின் பெரும்பங்கு மஹிந்திரா கைக்கு வந்தது. 2013-ல் இ2ஓ பிறந்தது. புதிதில் ஒரு தடவை சார்ஜ் ஏற்றினால் 100 கிலோமீட்டர் என்று சொன்னார்கள். என் கையில் கிடைத்தபோது அதற்குப் பத்து வயது தாண்டிவிட்டது. 62 கிலோமீட்டர் போகிறது.

இந்த 62 எப்படித் தெரியும் என்றால், வாங்கும் முன் விற்றவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, முழு சார்ஜில் கிளம்பி, கோவை முழுக்கச் சுற்றினேன். பழைய பேட்டரி கார் வாங்க நினைக்கும் வாலிபர்களே, டயர், பெயிண்ட், சீட் கவரெல்லாம் அப்புறம். காரிலுள்ள மீட்டர் காட்டும் கணக்கையும் நம்பாதீர்கள். ஓட்டிப் பாருங்கள். அவர் '90 போகும் ஸார்' என்றுதான் ஆரம்பித்தார். சிங்காநல்லூர் தாண்டும்போது 75-க்கு இறங்கினார். கடைசியில் இருவரும் தள்ளாத குறையாக வீட்டுக்குத் திரும்பியதும் விலையிலும் முப்பதாயிரம் இறங்கினார். ஒரு லட்சத்து எண்பதாயிரத்துக்கு முடிந்தது. புதுப் பேட்டரி போடுவதென்றால் இதைவிட அதிகம் ஆகும் என்று விசாரித்தபோது சொன்னார்கள்.

பி.காம்.மில் தேய்மானம் என்று ஒரு பாடம். நேர்கோட்டு முறை, குறைந்துசெல் மதிப்பு முறை என்று இரண்டு படித்தேன். பேட்டரி தேய்வது மூன்றாவது முறை. அதன் இஷ்டப்படி தேயும்! என் வீட்டுக்காரி இந்தப் பாடமெல்லாம் படிக்காமலேயே, "பேட்டரி போச்சுன்னா கோழி வளர்க்கலாம், கதவு நல்லா கெட்டியா இருக்கு" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாள்.

பிறகு ஏன் வாங்கினேன்? தீவில் குடியிருப்பவனுக்கு இதைவிட வசதியான வண்டி கிடையாது. சிரிக்காதீர்கள். ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னி என்று ஒரு தீவுக்கூட்டம். காற்றாலை மின்சாரம் அவர்கள் தேவைக்கும் மேலே கிடைக்கிறது. பேட்டரி கார்களும் அங்கே நிறைய. எங்கே போனாலும் கொஞ்ச தூரத்தில் கடல் வந்துவிடும், வண்டியைத் திருப்பித்தான் ஆகவேண்டும். நூறு மைல் போகும் காரை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

திருநெல்வேலியைச் சுற்றிக் கடல் இல்லைதான். ஆனால் எங்கள் தாமிரபரணியைப் பாருங்கள். பொதிகையில் பிறந்து, சுமார் 125 கிலோமீட்டர் ஓடி, புன்னைக்காயலில் கடலில் கலக்கிறது. வெளி மாநிலம் பார்த்ததில்லை. 1986-ல் தூத்துக்குடி மாவட்டம் பிரியும்வரை வெளி மாவட்டமே பார்த்ததில்லை! ஆறே அப்படி என்றால் அதன் கரையில் இருப்பவர்கள்? பொண்ணு எடுத்தது சேரன்மகாதேவி, கொடுத்தது அம்பாசமுத்திரம், பாய்க்குப் பத்தமடை, அப்பளத்துக்குக் கல்லிடைக்குறிச்சி, அல்வாவுக்கு டவுன். இது தீவு இல்லாமல் வேறென்ன?

கரண்டுக்கும் பஞ்சமில்லை. பாபநாசத்தில் 1944 முதல் ஆற்றுத்தண்ணீரில் மின்சாரம் எடுக்கிறார்கள். கயத்தாறு பக்கம் காற்றாலை. கூடங்குளத்தில் 2013 முதல் அணு. எல்லாம் ஒரே கம்பியில் கலந்து வருவதால் என் கார் எதைக் குடிக்கிறது என்று எனக்குத் தெரியாது. ஒன்று மட்டும் தெரியும்: இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் மின்கட்டண அட்டையில் கணக்கே மாறிவிடும். அதனால் மிக்ஸி ஓடும் நேரத்தைக்கூட இப்போது நான்தான் பார்த்துக்கொள்கிறேன். (வீட்டில் மரியாதை குறைந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.)

இதெல்லாம் அண்ணாச்சிக்குச் சொன்ன காரணம். சொல்லாத காரணம் அம்மா.

அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டது. பஸ் படி ஏறமுடியாது. ஆட்டோவில் பத்து கிலோமீட்டருக்கு மேல் உட்காரமுடியாது. கல்லிடைக்குறிச்சியில் அவள் அண்ணன், எங்கள் பெரிய மாமா, எண்பத்திரண்டு வயது, படுக்கையோடு இருக்கிறார். மூன்று வருஷமாக இரண்டு பேரும் போனில்தான். மாமாவுக்குக் காது கேட்காது. "நல்லா இருக்கியா?" என்று இவள் கத்துவாள், "சாப்ட்டேன்" என்று அவர் பதில் சொல்வார். வாடகைக் காருக்குப் பேசினால், "எதுக்குலெ வீண் செலவு, அடுத்த மாசம் பாப்போம்" என்று அம்மாவே தடுத்துவிடுவாள். சொந்த வண்டி என்றால் தடுக்கமாட்டாள் இல்லையா? இந்தக் காரில் சீட் கொஞ்சம் உயரம், கதவும் அகலம். அம்மா ஏறவேண்டாம், பின்பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தால் போதும்.

என் வீட்டிலிருந்து மாமா வீடு 35 கிலோமீட்டர். போக வர 70. கார் போவது 62. பற்றாக்குறை 8. அங்கே போய் ஒரு மணி நேரம் சார்ஜ் போட்டால் சரியாகிவிடும் என்று பட்ஜெட் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை கிளம்பினோம். ஏ.சி. போட்டால் கிலோமீட்டர் குறையும் என்பதால் அம்மா கையில் பனையோலை விசிறி. அவள் தனக்கு இரண்டு வீசினால் எனக்கு ஒன்று வீசினாள். மேலப்பாளையம் தாண்டியதும் வயல். பத்தமடை, சேரன்மகாதேவி, வீரவநல்லூர் என்று வரிசையாக ஊர்கள், கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் பச்சென்று நெல், எதிரே மேற்கில் மலை. வண்டியில் சத்தமே இல்லாததால் அம்மா வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். எந்த ஊரில் யார் யாருக்கு என்ன முறை, யார் வீட்டுக் கல்யாணத்தில் சாம்பார் ஊசிப்போச்சு, எல்லாம். சேரன்மகாதேவியில் ஒரு மாடு ஹாரன் அடித்தும் நகரவில்லை. என்ஜின் சத்தம் கேட்டுப் பழகிய மாடு!

மாமா வீட்டுக்கு வந்து, நாற்பது சொச்சம் சதவீதம் மிச்சத்தோடு, பெருமையாக வயரை எடுத்துச் சமையல்கட்டு பதினைந்து ஆம்பியர் பிளக்கில் சொருகினேன். சிவப்பு விளக்கு எரிந்தது. ஏறவில்லை. திருப்பித் திருப்பிச் சொருகினேன். ஏறவில்லை. உள்ளே அண்ணனும் தங்கையும் கையைப் பிடித்துக்கொண்டு அழ, வெளியே நானும் கிட்டத்தட்ட அந்த நிலைமையில்.

பக்கத்துத் தெரு எலெக்ட்ரீஷியன் தம்பி வந்தான். டெஸ்டரை வைத்துப் பார்த்தான். "அண்ணே, கார் நல்லாத்தான் இருக்கு. வீட்லதான் எர்த்து இல்லை. காஞ்சு கெடக்கு. எர்த்து சரியில்லன்னா இந்த மாதிரி வண்டி ஏத்திக்கிடாது." கொல்லையில் துளசிமாடத்துக்குப் பின்னால், கரியும் உப்பும் போட்டு மாமா எந்தக் காலத்திலோ தோண்டிய எர்த் குழி இருந்தது. தம்பி ஒரு கம்பியை இறுக்கினான். "ரெண்டு குடம் தண்ணி ஊத்துங்க."

ஊற்றினேன். தாமிரபரணித் தண்ணீர். முதல் குடம் மடமடவென்று உள்ளே போயிற்று. மூன்றாவது குடத்தில் பச்சை விளக்கு எரிந்தது. ஐம்பது ரூபாய்க்கு மேல் வாங்கமாட்டேன் என்று அந்தத் தம்பி போய்விட்டான்.

நான் ஒரு மணி நேரம் என்று நினைத்திருந்தது நாலு மணி நேரமாயிற்று. சாப்பாடு முடிந்து எட்டிப் பார்த்தேன். மாமா கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு அம்மா. மாமா, "ஏளா, அந்தக் கால்வாய்ல நீ முங்கப் பாத்தியே, யாரு தூக்கினா?" என்று கேட்கிறார். "நீதாண்ணே" என்று இவள் அவர் காதோரம் சொல்கிறாள். இரண்டு பேருக்கும் சரியாகக் கேட்கிறது.

வாசலுக்குப் போய்ப் பார்த்தேன். தொண்ணூற்றாறு சதவீதம். வீட்டுக்குப் போய் மறுபடியும் பாதி தூரம் வரலாம்.

உள்ளேயிருந்து அம்மா, "ஏலெ, சார்ஜ் ஏறிட்டா? கெளம்பணுமா?" என்று கேட்டாள்.

"இன்னும் ஏறலைம்மா" என்றேன்.