கொண்டு போய்ப் பதினாறு வருசம்

ஃப்ரேசல் வேர்ப் எண்டாலே எங்களுக்கு ஓ.எல் காலத்துப் பட்டியல்தான் ஞாபகம் வரும். கொப்பியின் கடைசிப் பக்கத்தில் நடுவால கோடு போட்டு, இடப்பக்கம் 'கிவ் அப்', 'லுக் ஆஃப்டர்', 'புட் ஓஃப்', வலப்பக்கம் தமிழ்க் கருத்து. பாடமாக்கினோம், சோதனை எழுதினோம், மறந்தோம். கம்பஸுக்கு வந்து கலைப்பீடத்தில் ஆங்கிலத்தை ஒரு பாடமாக எடுத்த பிறகுதான், அப், டவுன், அவே, அவுட் என்ற அந்தச் சின்னச் சொற்கள் நேரத்தோடு சேரும்போது என்ன செய்கின்றன என்று விளங்கியது. விளங்கிட்டுது எண்டு நினைச்சம் என்பதுதான் சரி.

அன்றைக்கு மிஸ் ஒரு கேக்கை வைத்துத் தொடங்கினார். 'ஈட்' என்றால் சாப்பிடு. 'ஈட் அப்' என்றால் மிச்சம் இல்லாமல் சாப்பிட்டு முடி. கேக்கைப் பத்து நிமிசத்தில் முடித்தால் 'ஈட் அப்' உடன் 'இன் டென் மினிட்ஸ்' வரும். அதே இடத்தில் 'ஃபோர் டென் மினிட்ஸ்' போட்டால் வசனம் இடறும். ஏனென்றால் 'அப்' அந்த வேலைக்கு ஒரு முடிவைக் கட்டிவிடுகிறது. 'இன்' அந்த முடிவைத் தொட எவ்வளவு நேரம் எடுத்தது என்று சொல்லும். 'ஃபோர்' ஒரு விசயம் எவ்வளவு நேரம் நீடித்தது என்று சொல்லும். 'அவே' சிலநேரம் இதற்கு நேர்மாறு. 'வேர்க் அவே' என்றால் முடிவைப் பற்றிக் கவலைப்படாமல் வேலை செய்துகொண்டே இருப்பது. அதற்கு 'ஃபோர் த்ரீ அவர்ஸ்' தான் பொருந்தும், 'இன்' ஒத்துவராது. வினைச்சொற்களை நேரத்தோடு அவற்றுக்கு உள்ள உறவை வைத்து நாலு வகையாகப் பிரித்து, சீனோ வெண்ட்லர் என்ற மெய்யியலாளர் 1957இல் ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார் என்பதையும் அன்றைக்குத்தான் அறிந்தோம்.

இதில் எங்களுக்குப் பெரிய ஆச்சரியம் இல்லை. தமிழிலும் 'பத்து நிமிசத்தில சாப்பிட்டு முடிச்சிட்டம்' வேறு, 'பத்து நிமிசமாச் சாப்பிட்டுக்கொண்டிருந்தம்' வேறு. ஆங்கிலம் 'அப்' போடுகிற இடத்தில் நாங்கள் 'முடி', 'விடு' என்று இன்னொரு வினையைக் கொண்டுவந்து ஒட்டுகிறோம். அவ்வளவுதான்.

குழப்பியது மூன்றாவது வகை. 'சிட் டவுன் ஃபோர் டென் மினிட்ஸ்.' குந்துகிறதுக்கு ஒரு செக்கன் போதும். அப்ப பத்து நிமிசம் எதை அளக்கிறது? குந்தின பிறகு அப்படியே இருந்த நேரத்தை. வினை ஒரு நொடியில் முடிந்துவிடும், நேரம் அதற்குப் பிறகு உள்ள நிலையில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். மிஸ் எல்லாருக்கும் தெரிந்த உதாரணம் கேட்டார். 2022 மார்ச் கடைசியில் நாள் ஒன்றுக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் கட் ஆனபோது நாங்கள் ஏ.எல் படித்துக்கொண்டிருந்தோம். விளக்குப் புகையில் நோட்ஸ் பார்த்தவர்களுக்கு வேறு என்ன உதாரணம் வரும்? 'த பவர் வென்ட் அவுட் ஃபோர் தேர்ட்டீன் அவர்ஸ்' என்றோம். சரியான வசனம் என்றார். "இந்த வசனத்தில் கரண்ட் திரும்பி வந்துவிட்டது, கவனித்தீர்களா?" என்றும் கேட்டார். நாங்கள் தலையாட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனோம்.

சில மாதம் கழித்து, காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடுகிற அம்மாக்கள் சிலருடன் கதைத்து, அவர்கள் சொல்வதை ஆங்கிலத்தில் எழுதுவோம் என்று முடிவெடுத்தோம். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடர் போராட்டம் தொடங்கினபோது நாங்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள். கொட்டிலையும் படங்களையும் பஸ் யன்னலால் பார்த்திருக்கிறோம். கிட்டப்போய்க் கதைத்தது இதுதான் முதல் தடவை.

ஒரு அம்மா மகனின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார், "பிள்ளையைக் கொண்டு போய்ப் பதினாறு வருசம், தங்கச்சி. இன்னும் விடேல்ல."

அன்றிரவு ஹொஸ்டலில் இருந்து அதை மொழிபெயர்த்தோம். 'கொண்டு போய்' என்றதற்கு 'டேக் அவே'. பதினாறு வருசத்துக்கு 'ஃபோர் சிக்ஸ்டீன் இயர்ஸ்'. 'தே டுக் ஹிம் அவே ஃபோர் சிக்ஸ்டீன் இயர்ஸ்.' சின்ன, நேரான வசனம். அதற்குள்ளேயே எல்லாம் இருக்கிறது என்று நினைத்து 'இன்னும் விடேல்ல' என்றதை விட்டுவிட்டோம். எங்களுக்கு அது பிடித்தும் இருந்தது.

பிழை திருத்தித் தரும்படி மிஸ்ஸிடம் கொடுத்தோம். அவருக்குத் தமிழ் தெரியாது. வாசித்துக்கொண்டு வந்தவர் அந்த வசனத்தில் நின்று, முகம் மலர்ந்து, ஆங்கிலத்தில் கேட்டார்: "அப்ப இவர் எப்ப திரும்பி வந்தவர்?"

ஒருவருக்கும் வாய் திறக்கேல்ல.

அவர் பிழையாக வாசிக்கவில்லை. நாங்கள்தான் அப்படி எழுதியிருந்தோம். கொண்டு போனது ஒரு நொடி. பதினாறு வருசம் அதற்குப் பிறகு உள்ள நிலை. இறந்தகாலத்தில் 'ஃபோர்' போட்டவுடன் அந்த நிலைக்குக் கதவு சாத்தப்பட்டுவிடும். கரண்ட் வந்த மாதிரிப் பிள்ளையும் வந்துவிட்டான். அந்த அம்மாவின் தமிழில் அப்படி ஒரு கதவே இல்லை. 'கொண்டு போய்ப் பதினாறு வருசம்' என்றால் கொண்டு போன நாளில் இருந்து இந்த நிமிசம் வரைக்கும் எண்ணிக்கொண்டே இருக்கிறது என்று அர்த்தம். அந்த எண்ணிக்கையைத்தான் ஒரு 'ஃபோர்' போட்டு நாங்கள் நிற்பாட்டியிருந்தோம்.

மிஸ்ஸுக்கு விசயத்தைச் சொன்னோம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு "ஃபோர் வேண்டும் என்றால் 'ஹாஸ் பீன் கோன்' என்று எழுதலாம், இன்றைக்கு வரைக்கும் என்று வரும்" என்றார். 'சிக்ஸ்டீன் இயர்ஸ் அகோ' என்றும் எழுதலாம். இலக்கணப்படி இரண்டும் சரிதான். ஆனால் அடுத்த மே மாதம் வந்தால் பதினாறு பிழைத்துவிடுமே என்று எங்களில் ஒருத்தி கேட்டாள். எங்களிடம் மறுமொழி இல்லை.

கடைசியில் நேர அளவையே எடுத்துவிட்டோம். '2009 மே மாதம் அவனைக் கொண்டு போனார்கள். அவன் திரும்பி வரவில்லை.' ஆங்கிலத்தில் இரண்டு சின்ன வசனம். எந்த வருசம் வாசித்தாலும் வாசிக்கிறவரே கழித்துப் பார்க்கட்டும்.

அச்சில் கொடுக்க முதல் அந்த அம்மாவிடம் போய்த் தமிழில் வாசித்துக் காட்டினோம். கேட்டு முடித்து, "திரும்பி வரேல்ல எண்டது இங்கிலீசிலயும் இருக்குத்தானே?" என்றார்.

"இருக்கு அம்மா" என்றோம். இந்தமுறை அது உண்மை.