காய்ச்சல் இல்லாத நாளிலும் மருந்து ஏன்?



இல்லச் சந்திப்பின்போது, இரண்டு வயதுப் பெண்குழந்தையின் தாய் ஒருவர் என்னிடம் கேட்டார்: “சுவாமி, பிள்ளை ஓடியாடி விளையாடுகிறாள், காய்ச்சலும் இல்லை. பின் எதற்கு நாள்தோறும் இரவில் மருந்து?” நிறுத்திவிடும்படி அண்டை வீட்டார் கூறுகின்றனராம். குழந்தை மருத்துவர் ஒருவரிடம் நான் கேட்டறிந்தவற்றை உங்களுக்கும் கூற விழைகின்றேன்.

சிறுநீரகங்களில் உண்டாகும் நீர் இரு குழாய்களின் வழியே இறங்கிச் சிறுநீர்ப்பையை அடைகின்றது. இக்குழாய்கள் பையின் சுவரினூடே சாய்வாகச் செல்கின்றன. பை நிறையும்போது சுவர் குழாயை அழுத்தி மூடிவிடும். சைக்கிள் டியூபின் வால்வைப் போல இது ஒருவழிக் கதவு. சில குழந்தைகளுக்குச் சுவருக்குள் செல்லும் பகுதி பிறவியிலேயே குட்டையாக அமைந்துவிடுகின்றது. அப்போது சிறுநீர் மேல்நோக்கித் திரும்புகின்றது. அதில் கிருமி இருப்பின், அதுவும் உடன் ஏறிச் சிறுநீரகத்தில் தழும்பை விட்டுச்செல்லக்கூடும். தழும்புற்ற பகுதி மீண்டும் பணி செய்யாது. பின்னாளில் இரத்தக் கொதிப்பும், சிலருக்குச் சிறுநீரகச் செயலிழப்பும் இதனால் நேரும்.

மருத்துவர்கள் இந்நோயை 5 படிகளாகப் பிரிக்கின்றனர். முதலிரு படிகளில் உள்ள பிள்ளைகளுள் பெரும்பாலோருக்கு, வளர வளரக் குறை தானே நீங்கிவிடுகின்றது. அதுவரை கிருமியைத் தடுப்பதே இரவு மருந்தின் வேலை. அமெரிக்காவில் 607 குழந்தைகளைக் கொண்டு நடந்த ஆய்வின் முடிவு 2014-இல் வெளியாயிற்று. நாள்தோறும் மருந்துண்டவர்களுக்கு மீண்டும் கிருமித்தொற்று வருவது ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. ஆயினும் தழும்பு விழுவதில் வேறுபாடு காணப்படவில்லை. மருந்துக்கு அடங்காத கிருமிகளும் மிகுந்தன. ஆகவே எல்லாப் பிள்ளைகளுக்கும் இம்மருந்து வேண்டும் என்பதில்லை. ஆனால் தொடர்வதா, நிறுத்துவதா என்பதை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவரே. அண்டை வீட்டார் அல்லர்.

மருந்து கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும், பெற்றோர் செய்ய வேண்டியவை சில உண்டு. சளி, இருமல் இன்றிக் காய்ச்சல் வந்தால், அன்றே சிறுநீரைச் சோதிக்கச் செய்யுங்கள். நுண்ணுயிர்க்கொல்லி மருந்து தொடங்குமுன் சிறுநீரை எடுத்துவிடுதல் நன்று. மலச்சிக்கல் சிறுநீர்ப்பை முழுதும் காலியாவதைத் தடுக்கும். கீரையும் பழமும் போதிய நீரும் கொடுங்கள். இரண்டு, மூன்று மணிக்கு ஒருமுறை சிறுநீர் கழிக்கப் பழக்குங்கள். உடன்பிறந்தோருக்கும் இக்குறை இருக்கக்கூடுமாதலால், அதனை மருத்துவரிடம் கேட்டறியுங்கள்.

ஆடையை நனைத்துவிடும் பிள்ளையை அடிக்காதீர்கள். அது பிடிவாதமன்று. அடிக்கு அஞ்சும் பிள்ளை சிறுநீரை அடக்கப் பழகும். அடக்குவதோ நோயை வளர்க்கும். ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள்: வகுப்பு நடக்கும்போது வெளியே செல்ல அனுமதி கேட்கும் குழந்தையை மறுத்து உட்கார வைக்காதீர்கள்.

மருந்துண்டும் காய்ச்சல் மீண்டும் மீண்டும் வந்தாலோ, உயர்ந்த படியில் நோய் நீடித்தாலோ, குழாயை மாற்றிப் பதிக்கும் அறுவை மருத்துவம் உண்டு. அதனால் பெரும்பாலோர் நலமடைகின்றனர், அச்சம் வேண்டா.

இந்நோய் வலியின்றியும் சிறுநீரகத்தைக் கெடுக்க வல்லது. ஆதலால் பிள்ளை சிரித்து விளையாடும் நாள்களிலும் நம் கவனம் தளரலாகாது. சோதனை முடிவுகள் யாவற்றையும் ஒரே உறையிலிட்டுக் காத்து வையுங்கள். மருத்துவர் குறித்த நாளில், குழந்தை நலமாகவே இருந்தாலும், தவறாது அழைத்துச் செல்லுங்கள்.