சீதை போகாத வனவாசம்

என் மகனுக்குப் பத்து வயதாயிருந்த காலத்தில், அமெரிக்க வீரசாகசப் படங்கள் என்றால் அவனுக்கு உயிர். 2015ஆம் ஆண்டில் வெளிவந்த 'ஃபன்ராஸ்ரிக் ஃபோர்' என்னும் படத்தை, அவனுடைய பிடிவாதத்துக்காகவே ஒரு விடுமுறைநாள் மாலையில் வீட்டிலிருந்து பார்த்தேன்.

கதை புதியதன்று. 1961ஆம் ஆண்டிலே ஸ்ரான் லீயும் ஜக் கேர்பியும் சித்திரக்கதையாகப் படைத்தது. றீட் என்னும் விஞ்ஞானி, அவன் மணக்கவிருக்கும் சூ, அவளுடைய தம்பி ஜொனி, றீட்டின் நண்பன் பென் ஆகிய நால்வரும் விண்கலத்தில் ஒன்றாகப் புறப்படுகின்றனர். அண்டவெளிக் கதிர்கள் தாக்க, ஒன்றாகவே உருமாறித் திரும்புகின்றனர். ஒருவன் இரப்பராய் நீள்வான். ஒருத்தி கண்ணுக்குத் தெரியாது மறைவாள். ஒருவன் தீயாய் எரிவான். ஒருவன் கற்பாறையாய் நிற்பான். ஆற்றல் நான்காயினும் குடும்பம் ஒன்று. சண்டை பிடித்தாலும் பிரியாத அக்குடும்பமே கதையின் உயிர்.

2005இலும் 2007இலும் படமாக வந்த அதனை, 2015இல் மறுபடியும் தொடக்கத்திலிருந்து சொல்லப் புகுந்தார்கள். குறித்த காலத்துள் படமெடுக்காவிடின் படவுரிமை மார்வெலுக்கே திரும்பிவிடும் என்ற நெருக்கடி ஒருபுறம். இயக்குநர் ஜோஷ் ட்ராங்குக்கும் படநிறுவனத்துக்குமிடையே பிணக்கு மறுபுறம். பல காட்சிகளைப் பின்னர் மீள எடுத்தார்கள். விளைவு யாது? பயணத்துக்குச் சூவை அழைத்துச் செல்லவேயில்லை! சீதையை அயோத்தியில் விட்டுவிட்டு இராமனை வனத்துக்கு அனுப்பினால் அது இராமகதையாகுமா? விபத்தின்பின் றீட் தப்பியோடுகிறான். ஏனையோர் இராணுவத்தின் பிடியில் இருக்கின்றனர். படம் முடியுந் தறுவாயிலேதான் நால்வரும் தோளோடு தோள் நிற்கின்றனர்.

மீளச் சொல்வதே பிழை என்று நான் கூறவில்லை. வான்மீகி சொன்னதைக் கம்பர் மீளச் சொல்லவில்லையா? ஆண்டுதோறும் ஒரே பாடத்தைச் சொல்லும் ஆசிரியனுக்கு அப்படிக் கூற வாயுமில்லை. எதை மாற்றலாம், எதை மாற்றலாகாது என்னும் தெளிவு வேண்டும், அவ்வளவே.

படம் முடிந்ததும் மகன் கேட்டான்: "அப்பா, இந்த நாலு பேரும் ஏன் ஒருத்தரோட ஒருத்தர் கதைக்கிறதே இல்லை?"

"படம் எடுத்தவர்களுக்குக் கதை விளங்கவில்லை, மகன்" என்று சொல்லிவிட்டு, விடைத்தாள் திருத்துவதற்காக அறைக்குள் சென்று கதவைச் சாத்திக்கொண்டேன். அக்கேள்வி படத்துக்கு மட்டும் உரியதன்று என்பது எனக்கு அன்று உறைக்கவில்லை.

எண்ணியிருந்த இரண்டாம் பாகம் கைவிடப்பட்டது. 2019இல் டிஸ்னி அப்படநிறுவனத்தை வாங்கியதும் உரிமை மார்வெலிடம் வந்து சேர்ந்தது. 2025இல் வெளியான புதிய படம், பழைய தோற்றக்கதையைச் சுருக்கமாக முடித்துவிட்டு, நால்வரையும் ஒரு மேசையில் உணவுண்ண அமர்த்தியது. ஒரு குழந்தையைக் காப்பதற்காக ஒன்றாகப் போராட வைத்தது. இனி எத்தனை பாகம் வரினும், அந்த மேசை கலையாதிருக்கும்வரை இக்கதைக்கு வாழ்வுண்டு.

மகன் இப்பொழுது பல்கலைக்கழகத்தில் பயில்கிறான். விடுமுறைக்கு வந்திருந்தபோது புதிய படத்தை இருவரும் சேர்ந்து பார்த்தோம். விடைத்தாள்கள் அன்றும் குவிந்து கிடந்தன. அவற்றைக் கட்டி வைத்துவிட்டு, நள்ளிரவு வரை கதைத்துக்கொண்டிருந்தோம்.